முப்பதுக்கு முப்பது

இன்ஜினை நிறுத்துங்கள், டிர்க்ஸ்.
அபராதச் சீட்டு அப்புறம்.
முதலில் இந்த டேப்பின் முனையைப் பிடியுங்கள்.
டிரெய்லரின் விளிம்பில் இல்லை,
அதோ, அந்தச் சிவப்புப் பிரதிபலிப்பானில்.
அங்கிருந்துதான் கணக்கு.

ஒன்று எழுபது.

லேரிலிருந்து எம்டன்வரை என்கிறீர்கள்.
நூறு கிலோமீட்டருக்குள் என்றால்
மூன்று மீட்டர் துருத்தினாலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும்.
ஆக, நீளத்தில் நமக்குள் தகராறு இல்லை.
முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், கெஸ்கெ,
உங்கள் கணவரை நான் தின்றுவிட மாட்டேன்.

ஆனால் ஒரு மீட்டரைத் தாண்டினால்
கொடி கட்ட வேண்டும்.

எனக்கும்தான் சிரிப்பு வருகிறது.
மூடிப்போன பெட்ரோல் பங்கில்
பேரம் பேசி இறக்கிய கொடிக்கம்பம்,
அதற்கு ஒரு கொடி இல்லை.
இருக்கிறதே என்று சீட்டுக்கடியிலிருந்து எடுத்துக் காட்டுகிறீர்கள்:
உங்கள் தோட்டச் சங்கத்தின் பச்சை வெள்ளை,
நடுவில் ஒரு முட்டைக்கோஸ்.
அழகாகத்தான் இருக்கிறது.
எனக்குச் சிவப்பு வேண்டும், டிர்க்ஸ்,
பளிச்சென்ற சிவப்பு,
முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர், குறையாமல்,
குறுக்கே ஒரு குச்சி,
காற்று செத்த நேரத்திலும் விரிந்து நிற்க.
சுருண்டு தொங்கினால் அது வெறும் துணி.

அந்த வாளியா?
சிவப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.
உருளையும் செல்லும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள், அதுவும் சரி.
விட்டம் முப்பத்தொன்று.
முப்பத்தைந்து இருக்க வேண்டும்.
வாளியைக் கீழே வையுங்கள்.

இப்படி வாருங்கள்.
கம்பத்துக்கு நேர் பின்னால் நில்லுங்கள்.
ஐந்தரை மீட்டர் அலுமினியம், எங்கே காட்டுங்கள் பார்ப்போம்?
காப்பிக் கோப்பையின் வாயளவு ஒரு வட்டம்.
பின்னால் போங்கள்.
ஒரு சட்டைப் பொத்தான்.
இன்னும் போங்கள், பள்ளம், பார்த்து.
ஒரு புள்ளி,
ஏதோ ஒரு வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதைப் போல.
பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குத்தான் அது கம்பம்.
பின்னாலேயே வருகிறவனுக்கு
அதற்கு நீளமே கிடையாது.

போன நவம்பரில், ரயில்வே கேட்டுக்கு முன்னால்,
மழையில்,
ரெம்மர் என்ற ரொட்டிக்கடைப் பையனின் வேனுக்குள்
ஒரு சாக்கடைக் குழாய் வந்து உட்கார்ந்துகொண்டது.
கண்ணாடி வழியாக,
பக்கத்து இருக்கையின் தலையணையில்.
அங்கே ஆள் இல்லை.
இரண்டு மூட்டை கம்பு ரொட்டி.
முன்னால் நின்றவருக்கு இடித்ததுகூடத் தெரியவில்லை,
வானொலியில் கால்பந்து.
எங்கிருந்து வந்தது,
எங்கிருந்து வந்தது என்று
ரெம்மர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.
எங்கிருந்தும் வரவில்லை.
அது அங்கேயேதான் இருந்தது.
நான் அதைச் சொல்லவில்லை.
ரொட்டிகளை மட்டும் நனையாமல் எடுத்து வைத்தேன்.

பிறகு யாரும் பேசவில்லை.
கெஸ்கெ பிளாஸ்க்கைச் சுற்றியிருந்த துண்டை உருவினாள்.
சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் கறை.
முப்பத்தி மூன்றுக்கு நாற்பத்தெட்டு.
பெயின்ட் கலக்கும் குச்சியைக் குறுக்கே கோத்து
பல்லால் முடிச்சை இறுக்கினாள்.
தரையிலிருந்து அளந்தேன்: ஒன்று பத்து.
ஒன்றரைக்குள் இருக்கலாம்.

அதற்குள் வெளிச்சம் வடிந்துவிட்டது.
இருட்டினால் துண்டு போதாது,
அதே முனையில் ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும்.
என் சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றிக் கட்டினேன்.
திங்கட்கிழமை ஸ்டேஷனில் கொடுத்துவிடச் சொன்னேன்.
சீட்டையும் எழுதித்தான் கொடுத்தேன்.
டிர்க்ஸ் இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

போனார்கள்.
ரவுண்டானாவில் வண்டி திரும்பியபோது
கம்பம் ஒரு நொடி
தன் முழு நீளத்தையும் எனக்குக் காட்டியது,
அத்தனையும், வெள்ளி வெளேரென்று.
பிறகு எம்டன் சாலையில் மறுபடி புள்ளி.
அதனடியில்
ஒரு தேநீர்த் துண்டு மட்டும்
இல்லை, இல்லை, இன்னும் இருக்கிறது என்று
ஆடிக்கொண்டே போனது.